நேரோ கேஜ் நீராவி ரயிலில் முதல் பயணமா? இப்படிப் போங்கள்

தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி குறைவாக இருந்தால் அது நேரோ கேஜ். உலகில் அதிகம் இருப்பது 1,435 மி.மீ. பாதை. டார்ஜிலிங் மலை ரயிலுக்கு 610 மி.மீ.தான். அகலம் குறைந்தால் சின்ன வளைவிலும் திரும்பலாம், அதனால் மலையைக் குடையாமல் அதன் ஓரமாகவே வளைந்து வளைந்து பாதை போட முடிந்தது.

முதல் வேலை, டிக்கெட் எடுக்கும் முன் அன்று எந்த எஞ்சின் என்று பாருங்கள். பல பாரம்பரிய ரயில்களில் சில நாட்கள் டீசல்தான். கடும் கோடையில் நெருப்புப்பொறி விழுந்து காய்ந்த புல் பற்றிக்கொள்ளும் என்பதற்காகவும் நீராவியை நிறுத்திவைப்பார்கள்.

அடுத்து, அரை மணி நேரம் முன்னதாகவே போய் நேராக எஞ்சினிடம் நில்லுங்கள். கொதிகலனில் நீராவி ஏறப் பல மணி நேரம் ஆகும், அதனால் எஞ்சினை ஓட்டும் ஆட்கள் விடியலிலேயே வந்திருப்பார்கள். கேளுங்கள், ஆசையாகப் பதில் சொல்வார்கள். பிரிட்டனின் பாரம்பரிய ரயில்களில் இவர்களில் நிறையப் பேர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். 1951-இல் பிரிட்டனில் உள்ள வேல்ஸின் டாலிலின் ரயிலைத் தன்னார்வலர்கள் ஏற்று நடத்தியதில்தான் இது தொடங்கியது.

சரி, எங்கே உட்காருவது? எஞ்சின் வளைவில் திரும்புவதைப் பார்க்கவும் படம் எடுக்கவும் கடைசிப் பெட்டி. ஆனால் முதல் பயணத்துக்கு நான் எஞ்சினை ஒட்டிய பெட்டியைத்தான் சொல்வேன், ஏனென்றால் நீராவி ரயிலைக் காதால்தான் முதலில் ரசிக்க வேண்டும். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒருமுறை சுற்றினால் புகைபோக்கி நான்கு முறை 'குப்' என்னும், ஏற்றம் வந்ததும் ஒவ்வொரு 'குப்'பும் தனித்தனியாக, கனமாக விழும், கண்ணை மூடினால்கூட மேடு வந்துவிட்டது என்று தெரியும்.

வெள்ளைச் சட்டை வேண்டாம், கரித்தூள் படியும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தலையையோ கையையோ வெளியே நீட்டவே கூடாது, பல பாதைகளில் பாறையும் சுவரும் பெட்டியை உரசுகிற மாதிரி வரும்.

கடைசி நிலையத்தில் உடனே இறங்கிவிடுங்கள், எஞ்சினைக் கழற்றிப் பக்கத்துத் தடத்தில் ஓட்டி மறுமுனையில் மாட்டுவார்கள், அதைப் பார்க்கலாம்.

அப்புறம் திரும்பும்போது எதிர்ப்பக்க ஜன்னல். இறக்கம் என்றால் எஞ்சின் ஏறக்குறைய மௌனமாகிவிடும், சக்கரச் சத்தம் மட்டும்தான். வேல்ஸில் 1836-இல் திறந்த ஃபெஸ்டினியோக் ரயில் பாதையில் கற்பலகை ஏற்றிய வண்டிகள் இப்படித்தான் தானாகவே சரிந்து இறங்கின. காலி வண்டிகளை மேலே இழுக்க வேண்டிய குதிரைகளும் அதே ரயிலில் தனி வண்டியில் நின்றபடி கூடவே வந்தன.