தளபதியின் மெய்க்காவற் படையையும் நகர்வையும் சமன்செய்தல்

1782 ஆகஸ்ட் இறுதியில் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரன் திருகோணமலையைப் பிடித்தபோது, அதைக் காக்க வந்த ஹியூஸின் ஆங்கிலக் கப்பற்படை சில நாட்கள் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. இந்த ஊரில் வளர்ந்ததாலோ என்னவோ, 2004இல் வெளிவந்த 'ரோம்: டோட்டல் வார்' என்ற கணினிப் போர் விளையாட்டின் கோப்புகளில் தளபதியைத் திருத்தும்போது, அவருடைய தாக்குதல் எண்ணை விட அவர் எப்போது வந்து சேர்கிறார் என்பதையே நான் முதலில் பார்ப்பேன். தளபதியோடு எப்போதும் செல்லும் மெய்க்காவற் குதிரைப்படையில் இறந்தவர்களின் இடம் பணச்செலவின்றித் தானாகவே நிரம்பிவிடுவதால், விரைவாக வந்து சேரும் தளபதி நடைமுறையில் ஓர் இலவசக் கனரகக் குதிரைப்படையாகிவிடுகிறார்.

முதலில் படைப்பிரிவுகளின் விவரங்கள் உள்ள 'எக்ஸ்போர்ட்_டெஸ்க்ர்_யூனிட்' கோப்பைப் பிரதி எடுத்து வையுங்கள். அதில் 'சோல்ஜர்' வரியில் உருவப் பெயரை அடுத்து வரும் எண்ணே வீரர் தொகை. அது 6 முதல் 60 வரை இருக்கலாம், விளையாட்டின் அமைப்பில் படைப்பிரிவு அளவை மிகப் பெரியதாக வைத்தால் நான்கால் பெருகும். ஆகவே 12ஐ 8 ஆக்கினால், களத்தில் 48 பேர் 32 பேராகக் குறைவார்கள். 'ஸ்டாட்_ஹெல்த்' வரியின் முதல் எண், ஒரு வீரர் தாங்கும் அடிகளைக் குறிக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் குறைக்க வேண்டாம். நான் ஒருமுறை அப்படிச் செய்ததில், ஈட்டி வரிசையின் மேல் கண்மூடிப் பாயும் கணினித் தளபதிகள் அடுத்தடுத்து மடிந்து, தளபதிகளைத் தரும் எதிர்த்தரப்புக் குடும்பங்களில் படை நடத்த ஆளில்லாமற் போயிற்று. தொகையை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, அடி எண்ணைத் தொடாமல் விடுவதே என் தெரிவு.

நகர்வுக்கு 'டெஸ்க்ர்_கேரக்டர்' கோப்பில் 'ஸ்டார்ட்டிங்_ஆக்ஷன்_பாயின்ட்ஸ்', அதாவது ஒரு சுற்றில் நகர்வதற்கான புள்ளிகள், 80 என்று இருக்கும். படை அதன் மிக மெதுவான பிரிவின் வேகத்திலேயே செல்லும். குதிரை வீரர்களோடு மட்டும் போகும் தளபதி அதைவிடத் தூரம் போவார். 80ஐ 100 ஆக்கினால் காலாட்படையோடு செல்பவருக்கும் குதிரை வீரர்களோடு மட்டும் செல்பவருக்கும் இடையிலான தூரமும் சேர்ந்தே விரியும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பின்னர் தனிப்போரில் (படைகளை நாமே தேர்ந்தெடுத்து நடத்தும் ஒற்றைப் போர்) மெய்க்காவலரை ஓர் ஈட்டிப்படையோடு முன்னாலிருந்து மும்முறையும் பின்னாலிருந்து மும்முறையும் மோதவிடுங்கள். முன்மோதலில் தோற்றுப் பின்மோதலில் வென்றால் தொகை சரி. அடுத்து, விளையாட்டு வரைபடத்தில் இத்தாலிய நகரான கப்புவாவிலிருந்து இன்னொரு நகரான தாரெந்தத்துக்குத் தளபதியைத் தனியாகவும் காலாட்படையோடும் அனுப்பிச் சுற்றுகளை எண்ணுங்கள். வித்தியாசம் ஒரு சுற்றைத் தாண்டினால், கூட்டிய புள்ளிகளைப் படிப்படியாகக் குறையுங்கள்.