விபத்து இழப்பீட்டு வழக்கில் வக்கீலை மாற்றுவது எப்படி?

கார் விபத்தில் காயம்பட்டு, தமிழ்நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவின்படி இழப்பீடு கேட்டு எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) போட்டிருப்பவர்களுக்கான விளக்கம் இது. பாதி வழக்கில் வக்கீலை மாற்றலாம். ஆனால் வரிசை தப்பிச் செய்தால் கேஸ் கட்டு பழையவரிடம் மாட்டிக்கொள்ளும், வாய்தாவில் உங்களுக்காக நிற்க ஆளிருக்காது.

1. வழக்கு எங்கே நிற்கிறது?

வழக்கு எண்ணையோ 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையோ (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்) இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தாவும் அது எதற்கான வாய்தா என்பதும் தெரியும். உங்கள் சாட்சியம் தொடங்கும் முன் மாற்றுவதே நல்லது. வாதம் முடிந்து தீர்ப்புக்கு வைத்துவிட்டார்கள் என்றால் பொறுத்திருங்கள். தொகை குறைவாக வந்தால் அதே சட்டத்தின் 173-ஆம் பிரிவில் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதற்குப் புதியவரை வைத்துக்கொள்ளலாம்.

மனுவே இன்னும் போடவில்லையா? 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற விதி இருக்கிறது. அது உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது என்றாலும், அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

2. பேச்சை எடுக்கும் முன் காகிதத்தை எடுங்கள்

மனு நகல், எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவ பில்கள், ஊனச் சான்றிதழ், சம்பளச் சான்று, எதிர்த் தரப்பு வண்டியின் இன்சூரன்ஸ் பாலிசி நகல். இவற்றில் எது கோர்ட்டில் தாக்கலாகிவிட்டது, எது வக்கீல் அலுவலகத்தில் இருக்கிறது என்று பிரித்து எழுதுங்கள். தாக்கலானவற்றுக்கு நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கலாம். அசல் மருத்துவ பில்தான் அதிகம் தொலையும். அது போனால் செலவை நிரூபிப்பது பெரும்பாடு.

3. புதியவரிடம் இரண்டு கேள்வி

எம்.சி.ஓ.பி. வழக்குகளையே தொடர்ந்து நடத்துகிறவரா? கட்டணம் எவ்வளவு? "வரும் தொகையில் இத்தனை சதவீதம்" என்று பேசுவது பார் கவுன்சில் (வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) விதிப்படி கூடாது. நடைமுறையில் பேசுகிறார்கள் என்பது வேறு விஷயம். தொகையாகப் பேசி எழுதி வாங்குங்கள். பணமில்லையா? பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி கேட்கலாம். தொலைபேசி எண் 15100.

4. பழையவரிடம் ஆட்சேபணையின்மை

நேரில் போய், சண்டையில்லாமல் கேளுங்கள். இதுவரை செய்த வேலைக்கான கட்டணத்தை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். புதிய வக்காலத்தின் (உங்களுக்காக வாதாட வக்கீலுக்கு நீங்கள் கையெழுத்திட்டுத் தரும் பத்திரம்) மேலேயே "ஆட்சேபணை இல்லை" என்று எழுதி அவர் கையெழுத்துப் போட்டுத் தருவார். பெரும்பாலான மாற்றங்கள் இதோடு முடிந்துவிடும். கேஸ் கட்டைப் பட்டியல் போட்டு வாங்குங்கள். முன்பு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அதையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

5. தர மறுத்தால்

"பாக்கியைக் கட்டு, கட்டைத் தருகிறேன்" என்பதுதான் வழக்கமான முட்டுக்கட்டை. கட்டணப் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-இல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கி இருந்தால் அவர் தனியாக வசூலிக்கட்டும். வக்காலத்தை ரத்து செய்வதாகவும், கட்டை 7 நாளில் தரும்படியும், உங்களைக் கேட்காமல் சமரசம் பேசக் கூடாது என்றும் எழுதி, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். சமரச வரியை விட்டுவிடாதீர்கள்: வக்காலத்தில் பொதுவாக சமரசம் செய்யும் அதிகாரமும் சேர்ந்தே இருக்கும். லோக் அதாலத்தில் (சமரசத்தில் வழக்கை முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) குறைந்த தொகைக்கு முடிந்துவிட்டால் அதன்மேல் அப்பீல் கிடையாது.

அடுத்து, புதிய வக்கீல் இந்தக் கடிதத்தை இணைத்து, ஒப்புதல் கிடைக்காத காரணத்தைச் சொல்லி, தீர்ப்பாயத்தின் (உங்கள் வழக்கை விசாரிக்கும் கோர்ட்டின்) அனுமதி கேட்டு மனு போடுவார். கட்டு வராவிட்டாலும் கோர்ட் நகல்களைக் கொண்டு அதை மறுபடி கட்டிவிடலாம். அசல் ஆவணங்களைத் தரவே மாட்டேன் என்றால் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். ஆனால் அது மெதுவாக நகரும். வழக்கை அதற்காக நிறுத்தி வைக்காதீர்கள்.

6. மாற்று வக்காலத்து தாக்கல்

மனுதாரர் ஒருவருக்கு மேல் இருந்தால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். காயம்பட்டது குழந்தை என்றால் மனுவில் கார்டியனாக இருப்பவர் போடுவார். வாய்தாவுக்குச் சில நாள் முன்பே தாக்கல் செய்யுங்கள். அன்று நீங்களும் போய் நில்லுங்கள். இரண்டு வக்கீலும் வராமல் வழக்கு தள்ளுபடியானால், 30 நாளுக்குள் மனு போட்டு மீட்க வேண்டியிருக்கும்.

ஒரு வாரம் கழித்து இ-கோர்ட்ஸில் வக்கீல் பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் புதியவரின் குமாஸ்தாவை கோர்ட் அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். இழப்பீடு வரவேண்டிய வங்கிக் கணக்காக உங்கள் சொந்தக் கணக்கையே கொடுங்கள்.