பரிசுப் போட்டிக் கூப்பனை உண்மையாக நிரப்புவது எப்படி

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடல் பக்கமாக ஒரு தொடர்மாடியில் இருக்கிறேன். தேயிலைப் பைக்கற், சவர்க்கார உறை, பத்திரிகைக் கூப்பன் என்று பதினெட்டு வருடமாகப் போட்டிகளுக்கு அனுப்பி வருகிறேன். ரைஸ் குக்கர் ஒன்று, மின்விசிறி இரண்டு, ஒரு முறை வருடம் முழுவதற்கும் போதுமான சவர்க்காரம் கிடைத்திருக்கிறது. சின்னச் சின்னப் பொய்கள் எங்கே நுழைகின்றன என்பதும் இத்தனை வருடத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

பேனாவைத் திறக்கும் முன் கூப்பனின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை வாசியுங்கள். யார் பங்குபற்றலாம், ஒரு வீட்டுக்கு எத்தனை, பில் வேண்டுமா உறை மட்டும் போதுமா, முடிவுத் திகதி எது. முக்கால்வாசிப் பொய்கள் இதை வாசிக்காமல் நிரப்பிவிட்டு, பிறகு சமாளிக்கப் போவதால் வருபவை.

பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி எழுதுங்கள். வயதைக் கூட்டிக் குறைத்து எழுதவே வேண்டாம், அட்டை இலக்கமே அதைச் சொல்லிவிடும். பழைய இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 1985 பெப்ரவரி 10ஆம் திகதி பிறந்த பெண்ணின் இலக்கம் 85541 என்று தொடங்கும். 12 இலக்கப் புதிய அட்டையில் 1985541 என்று தொடங்கும். முப்பது வயதுக்குக் கீழ் என்று எழுதிவிட்டு இந்த இலக்கத்தையும் கீழே எழுதினால், பரிசு தருபவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

முகவரி எங்கள் பக்கத்தில் கொஞ்சம் சிக்கல். ஒரே கட்டட இலக்கத்தில் இருபது முப்பது குடும்பங்கள் இருக்கும். "ஒரு வீட்டுக்கு ஒரு கூப்பன்" என்றிருந்தால் மாடி, வீட்டு இலக்கம் இரண்டையும் தெளிவாகப் போடுங்கள். இல்லாவிட்டால் கீழ் மாடிக்காரரின் கூப்பனும் உங்களுடையதும் ஒரே வீடாகக் கணக்கில் போய்விடும். அதற்காகச் சித்தியின் வீட்டு இலக்கத்தைக் கடன் வாங்கி இரண்டாவது கூப்பன் போடாதீர்கள். வீட்டில் உள்ள மற்றவர்களின் பெயரிலும் போடலாம் என்று விதி சொன்னால் போடுங்கள். ஆனால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவரே கையெழுத்திட வேண்டும், பரிசு விழுந்தால் அது அவருடையது.

அப்புறம் "இந்தப் பொருளை ஏன் விரும்புகிறீர்கள்?" என்று கேட்கும் அந்த ஒரு வரி. நான் பிழை விட்டது அங்கேதான். ஒரு பால்மாப் போட்டிக்கு "எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இதுதான்" என்று எழுதினேன். அந்த 400 கிராம் பைக்கற்றைப் போட்டிக்காகத்தான் முதன்முதலில் வாங்கியிருந்தேன். பரிசு விழுந்தது. படம் எடுக்க ஒரு பிள்ளை கமராவோடு வீட்டுக்கு வந்தது. மாமி, நான், மகள் மூவரையும் செற்றியில் வரிசையாக இருத்தி, மாமியின் கையில் பால்மாப் பைக்கற்றைக் கொடுத்தது. அப்போது எட்டு வயது மகள் என் சேலைத் தலைப்பை இழுத்து, "அம்மா, நாங்கள் எப்ப இதைக் குடிச்சனாங்கள்?" என்று கேட்டாள். மாமி பைக்கற்றை மெதுவாக மேசையில் வைத்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்தப் பிள்ளையிடம் உள்ளதைச் சொன்னேன். "பரவாயில்லை அன்ரி" என்று கமராவை மூடிக்கொண்டு போனது. பரிசு அடுத்த பெயருக்குப் போனது. அந்த அடுத்த ஆள் உண்மையாகவே வருடக்கணக்காகக் குடித்தவராக இருந்திருக்கலாம் என்ற நினைப்பு இன்றும் வரும்.

இப்போது எழுதிய வரியை மகளுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். "வாசம் அடுத்த தெருவரை போகும்" என்று புகழலாம், அது வர்ணனை என்று எல்லோருக்கும் தெரியும். நடக்காததை நடந்ததாக எழுதக்கூடாது. வரி வராவிட்டால் வீட்டில் அந்தப் பொருளோடு உண்மையில் நடந்த ஒன்றை யோசியுங்கள். "காலை ஐந்தரைக்கு மாமி கேட்கும் முதல் வெறுந்தேத்தண்ணி" என்று நான் எழுதிய வரிக்குத்தான் ரைஸ் குக்கர் வந்தது.

சிறுவர் சித்திரப் போட்டி என்றால் தயவுசெய்து தூரிகையைத் தொடாதீர்கள். எங்கள் மாடியிலேயே ஒரு தாய் இரவிரவாக வரைந்து, மகனின் பெயரை எழுதி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அழித்த பென்சில் கோடும் அளவாக விழுந்த நிழலும் ஏழு வயதுக் கை வரைந்ததில்லை என்று காட்டிக்கொடுக்கும். அதைவிட, தன் படம் போதாது என்று அந்தப் பிள்ளைக்கு விளங்கிவிடும். தாள் வாங்கிக் கொடுங்கள், என்ன வரையப்போகிறாய் என்று கேளுங்கள், பின்பக்கம் பெயரும் வயதும் எழுதுங்கள். சூரியன் மூலையில் பெரிதாக இருந்தால் இருக்கட்டும்.

மாத வருமானம் போன்ற கேள்வி கட்டாயமில்லை என்றால் வெறுமையாக விடுங்கள், பொய்த் தொகை வேண்டாம். பரிசு விழுந்ததாக அழைத்துப் பணம் கட்டச் சொன்னால், அல்லது போனுக்கு வந்த இரகசிய இலக்கத்தைக் கேட்டால் உடனே அழைப்பைத் துண்டியுங்கள்.

கடைசியாக ஒரு கொப்பி. திகதி, போட்டி, யாருடைய பெயர், எழுதிய வரி எல்லாவற்றையும் குறித்து, பில்லை அதே பக்கத்தில் ஊசியால் குத்தி வைப்பேன். அழைப்பு வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து, எழுதியதை அப்படியே வாசித்தால் சரி.