புதுப்போனோடு மட்டக்களப்பு, அம்பாறைக்குப் போகிறவர்களுக்கு

விமானம் ஏறுவதற்கு முதல்நாள் புதுப்போன் வாங்காதீர்கள். குறைந்தது இரண்டு மூன்று கிழமைக்கு முன்னரே வாங்கிவிடுங்கள். புதுப்போனில் வங்கிச் செயலியை மறுபடி பதிய வேண்டும், ஒருமுறைக் குறியீடு தரும் செயலியை மாற்ற வேண்டும், வாட்ஸ்அப் உரையாடல்களைக் கொண்டுவர வேண்டும். இவை பெரும்பாலும் உங்கள் வெளிநாட்டு எண்ணுக்கு வரும் குறுஞ்செய்தியை நம்பியிருக்கின்றன. அதை மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டு செய்யப் புறப்பட்டால், விடுமுறையில் இரண்டு நாள் வங்கியோடு மாரடிப்பதிலேயே போய்விடும். வங்கியும் மின்னஞ்சலும் தரும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, கடவுச்சீட்டோடு வையுங்கள். பழைய போனை அழிக்காமல் கூடவே கொண்டுபோங்கள்.

அடுத்தது பூட்டு. ஒப்பந்தத்தில் வாங்கிய போன் அந்த நிறுவனத்தின் சிம்மைத் தவிர வேறெதையும் ஏற்காமல் இருக்கலாம். ஐபோனில் செற்றிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போனால், ‘கரியர் லொக்’ என்ற வரியில் சிம் கட்டுப்பாடு இல்லை என்று இருக்க வேண்டும். அன்ட்ரொய்டில் நண்பர் ஒருவரின் வேறு நிறுவனச் சிம்மைப் போட்டுப் பார்ப்பதுதான் சுருக்கமான வழி. கனடாவில் 2017 டிசம்பரிலிருந்தும் பிரித்தானியாவில் 2021 டிசம்பரிலிருந்தும் பூட்டிய போன் விற்கத் தடை. அமெரிக்காவில் வாங்கியவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே விற்கும் ஐபோனில் 14ஆம் மாடலிலிருந்து சிம் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதியும் இ-சிம் மட்டும்தான். இலங்கை நிறுவனங்களான டயலொக்கிலும் மொபிடெல்லிலும் இ-சிம் எடுக்கலாம். ஆனால் ஊர்க்கடையில் தொங்கும் சிம் அட்டை உங்களுக்கு உதவாது.

எந்த நெற்வேர்க் நல்லது என்பதைக் கட்டுநாயக்க விமான நிலையக் கவுண்டரில் கேட்காதீர்கள். நீங்கள் தங்கப்போகும் வீட்டாரிடம் கேளுங்கள். பிரதான வீதியோரம், கடற்கரைப் பக்கமான எழுவான்கரை முழுக்க, எதைப் போட்டாலும் ஓரளவு சரிவரும். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில், வயல்வெளிக்குள் இருக்கும் வீடுகளில், ஒன்று எடுக்கும், மற்றது முற்றத்துக்கு வந்தால்தான் எடுக்கும். அவர்களின் எண்ணே பாதிப் பதிலைச் சொல்லும்: 077, 076, 074 டயலொக், 071, 070 மொபிடெல். சிம் எடுக்கக் கடவுச்சீட்டு வேண்டும்.

இரண்டு எண்ணும் ஓடும்போது இப்படி வையுங்கள். வெளிநாட்டு எண் இயங்கட்டும், அதற்கு டேட்டா ரோமிங் மட்டும் நிற்கட்டும். அப்போது வங்கிக் குறுஞ்செய்தி வரும். பெரும்பாலான நிறுவனங்கள் அதைப் பெறக் காசு எடுப்பதில்லை, ஆனாலும் கேட்டு வையுங்கள். டேட்டாவுக்கு இலங்கைச் சிம்மைத் தெரிவுசெய்து, ஒரு எண்ணில் டேட்டா இல்லாவிட்டால் மற்றதுக்குத் தானாக மாறும் வசதியை அணைத்துவிடுங்கள். அந்த ஒரு பொத்தானாலும் பில் எகிறலாம். புதுச் சிம் போட்டதும் எண்ணை மாற்றவா என்று வாட்ஸ்அப் கேட்டால், வேண்டாம் என்று பழைய எண்ணோடேயே இருங்கள்.

ஊர் எண்களை எல்லாம் +94 போட்டு, முன்னால் உள்ள சுழியத்தை எடுத்துச் சேமியுங்கள். வீட்டுத் தொலைபேசிக்கு மட்டக்களப்பு 065, அம்பாறை 063, கல்முனை 067. அம்பாறை மாவட்டம்தானே என்று கல்முனைக்கு 063 அடிப்பவர்கள் நிறையப் பேர். பொலிஸ் 119, இலவச அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. இவற்றையும் பெயரோடு போட்டு வையுங்கள்.

டேட்டா பக்கேஜ் வாங்கும்போது மொத்த ஜிபியைப் பார்த்து ஏமாறாதீர்கள். பல பக்கேஜ்களில் ஒரு பகுதி எந்நேரமும் பாவிக்கலாம், மறுபகுதி நள்ளிரவு 12 மணிக்குப் பிறகு விடியும்வரைதான். பகலில் படங்கள் தானாக மேகச் சேமிப்புக்கு ஏறிக்கொண்டிருந்தால், ரீலோட் போட்ட இரண்டாம் நாளே முடிந்துவிடும். படம் ஏறுவதைப் பகலில் நிறுத்தி, 12 மணி தாண்டியதும் மொபைல் டேட்டாவில் ஏற்ற அனுமதித்து, போனைச் சார்ஜில் போடுங்கள். பிள்ளைகளுக்கு ஹொட்ஸ்பொட் கொடுத்தால் அவர்களின் போன் அதை வைஃபை என்று நினைத்து அப்டேற் எல்லாம் இறக்கும். அந்தப் போன்களில் குறைந்த டேட்டா முறையைப் போட்டுவிடுங்கள்.

வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள்: வாழைச்சேனையிலிருந்து பொத்துவில்வரை ஒரு கட்டம், கொழும்பிலிருந்து வரும் வழிக்கு இன்னொன்று. ரயிலில் வந்தாலும் பஸ்ஸில் வந்தாலும் காட்டுப் பகுதிகளில் சிக்னல் அறுந்து அறுந்துதான் வரும். இணையமில்லாத கூகுள் வரைபடம் வாகன வழியை மட்டுமே சொல்லும், நடைவழி சொல்லாது. வாவியைக் கடக்கும் இடத்தில் அதைக் கண்ணை மூடி நம்ப வேண்டாம். மண்டூர், குருமண்வெளி, அம்பிளாந்துறை, குருக்கள்மடம் பக்கம் அது காட்டும் குறுக்குவழி பாலமாக இல்லாமல், ஊரார் ‘பாதை’ என்று சொல்லும் மிதவையாக இருக்கலாம். இரவில் போய் நின்றால் வாவியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பொத்துவில், லாகுகல பக்கம் யானை வீதிக்கு வருவதையும் வரைபடம் சொல்லாது. பொழுதுபடுமுன் போய்ச் சேருங்கள்.

கறண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். சார்ஜரில் 100-240 என்று போட்டிருந்தால் மின்மாற்றி தேவையில்லை, பிளக் மாற்றி போதும். பழைய வீடுகளில் 5 அம்பியர் வட்டப்பின், புதிய வீடுகளில் 13 அம்பியர் சதுரப்பின். இரண்டுக்கும் பொருந்துகிறதை வாங்குங்கள். பின்னேர இடிமழை கட்டினால் சார்ஜரைச் சுவரிலிருந்தே கழற்றுங்கள், சுவிச்சை அணைப்பது போதாது. பவர் பாங்க் 20,000 எம்ஏஎச் என்றால் 74 வற்-மணி. கைப்பையில் கொண்டுபோக வழக்கமான எல்லை 100. பெட்டிக்குள் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

புதுப்போனின் கமரா உண்மையில் பிரயோசனப்படும் இடம் கூத்துக் களரி. அங்கேதான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். வடமோடிக் கூத்தோ தென்மோடிக் கூத்தோ, விடியவிடிய நடக்கும். ஐபோனில் சிக்கனப் பதிவு முறையில்கூட 4கே 60 பிரேம் நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி விழுங்கும். ஆறு மணி நேரத்துக்கு 144 ஜிபி. 1080பி 30 பிரேம் என்றால் நிமிடத்துக்கு 60 எம்பி. முழு இரவும் 22 ஜிபிக்குள் அடங்கும். இன்னொரு சிக்கல்: 50 ஹேர்ட்ஸ் கறண்டில் எரியும் ரியூப்லைற்றின் கீழ் 30 பிரேமில் எடுத்தால் வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடலாம். கமரா செற்றிங்ஸில் ‘பால்’ (PAL) வடிவங்களைக் காட்டும் பொத்தானைப் போட்டு 25 பிரேமைத் தெரிவுசெய்தால் பெரும்பாலும் நின்றுவிடும். அன்ட்ரொய்டில் புரோ வீடியோவில் ஷட்டரை 1/50 ஆக்குங்கள். கூத்தரின் முகத்தில் விரலை அழுத்தி வெளிச்சத்தைப் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் திரை வெளுத்துக் கறுக்கும். மத்தளத்துக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், மைக் அடைத்துப்போய் கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் பாட்டு கேட்காது. அரை மணிக்கு ஒருதரம் நிறுத்திப் புதிதாகத் தொடங்குங்கள்; ஏதும் பழுதானால் ஒரு துண்டு மட்டும்தான் போகும்.

அம்மம்மாவின் தாலாட்டையோ பழங்கதையையோ எடுப்பதானால் வாட்ஸ்அப் குரற்பதிவில் எடுக்காதீர்கள், அது ஒலியை நசுக்கிவிடும். ரெக்கோடர் செயலியைப் பாவித்து, ஃபானை நிறுத்தி, போனை விமானப் பயன்முறையில் வைத்து, ஒரு முழத் தூரத்தில் துணியின் மேல் வையுங்கள். வாவியில் மீன் பாடுவதைப் பதியப் போகிறவர்கள் இரைச்சல் நீக்கும் வசதியை அணைக்க மறக்க வேண்டாம். போனுக்கு அதுவும் இரைச்சல்தான்.

வெயிலைப் பற்றி: ஐபோனுக்கு அப்பிள் சொல்லும் சூழல் வெப்ப எல்லை 35 பாகை. வெக்கையான கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் ஓட்டோவின் முன்கண்ணாடியில் போனைக் கொழுவினால் அது எளிதில் தாண்டும். சார்ஜ் ஏறாது, திரை மங்கும். நிழலுக்கு எடுத்து உறையைக் கழற்றுங்கள், ஐஸ் பெட்டிக்குள் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் படியும். பாசிக்குடாவில் தண்ணீர் ஆழமில்லை என்று போனோடு இறங்குகிறவர்களுக்கு: தண்ணீர் தாங்கும் தரத்தைச் சொல்லும் ஐபி68 சோதனை நல்ல தண்ணீரில் செய்தது, உப்புத் தண்ணீரில் அல்ல. நனைந்தால் குழாய்த் தண்ணீரால் மெதுவாகக் கழுவித் துடைத்து, துவாரம் கீழே பார்க்க, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். குறைந்தது ஐந்து மணி நேரம் சார்ஜரில் கொழுவ வேண்டாம். அரிசிக்குள் புதைப்பதால் தூள்தான் உள்ளே போகும்.

திரும்பும்போது பழைய போனை மச்சானுக்கோ மருமகளுக்கோ விட்டுவரப் போகிறீர்களா? மறுகா செய்வோம் என்று விட்டால் கட்டுநாயக்கவில்தான் நினைவு வரும். முதலில் படங்களைப் பிரதியெடுத்து, ஐகிளவுட் அல்லது கூகுள் கணக்கிலிருந்து முறையாக வெளியேறி, அதன் பிறகு அழியுங்கள். வெளியேறாமல் அழித்த போன் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டே நிற்கும். *#06# அடித்தால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணை, குறித்துக்கொண்டு, சிம் எடுக்கும் கிளையிலேயே அந்தப் போனை இலங்கையில் பதிவதைப் பற்றிக் கேளுங்கள். கல்முனையிலோ காத்தான்குடியிலோ புதுப்போன் வாங்கிக் கொடுப்பதானால், காசு கொடுக்குமுன் ஐஎம்இஐ என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த எண்ணை 1909க்கு அனுப்புங்கள். பதிவு உண்டா இல்லையா என்று பதில் வரும். இல்லை என்றால் கடைக்காரர் என்ன சொன்னாலும் வேறு பெட்டியைக் கேளுங்கள்.