பழைய ஒளிப்படத்தை மூடிய நீலப் படலம்: என் அனுபவம்

பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஸ்கேன் செய்து பழைய படங்களில் ஆர்வமுள்ள நண்பர்களுக்கு அனுப்பியபோது, படத்தில் இருந்தவர்கள் அணிந்த கோட்டுகளின் கரும்பகுதியை நீலம் கலந்த வெள்ளிப் படலம் மூடியிருந்ததால், காலத்தைக் கணிக்க உதவும் பொத்தான்கள்கூடத் தெரியவில்லை. ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்தும், புள்ளியடர்த்தியை 600இலிருந்து 1200ஆக உயர்த்தியும் பயனில்லை. மென்பொருளில் திருத்தியபோது நுண்விவரங்களும் சேர்ந்தே அழிந்தன. மூன்று நாட்கள் வீணாயின.

பிறகு தற்செயலாகப் படத்தை 90 பாகை திருப்பி ஸ்கேன் செய்தபோது, படலத்தின் அடர்த்தி மாறியிருந்தது. படம் மங்கியதுதான் காரணம் என்றால் அது மாறியிருக்காது. எனவே இது ஒளித்தெறிப்பு என்று புரிந்தது. ஜெலட்டின் பூச்சுக்குள் உள்ள நுண்ணிய வெள்ளித் துகள்களால் உருவம் அமையும் ஜெலட்டின் வெள்ளிப் படங்களில் ஈரப்பதத்தாலும் காற்று மாசாலும் அயனியாகும் வெள்ளி, மேற்பரப்புக்கு நகர்ந்து மீண்டும் உலோகமாகப் படிகிறது. படத்தின் வெள்ளியே அது என்பதால் அதைத் துடைக்கவே கூடாது.

கேமராவைப் படத்துக்கு நேர் மேலே முக்காலியில் பொருத்தி, இருபுறமும் 45 பாகையில் வைத்த விளக்குகளின் முன் போலரைசிங் தாள்களை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை) ஒரே திசையில் அமைத்து, லென்ஸில் மாட்டிய போலரைசிங் ஃபில்டரை மெல்லச் சுழற்றினேன். படத்தின் அருகில் ஒரு பளபளப்பான நாணயத்தை வைத்திருந்தேன்; அது கறுத்துத் தெரிந்த நிலையில் படலமும் மறைந்து, பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. ஒளி வெகுவாகக் குறைவதால் ஷட்டர் நேரத்தை மட்டும் நீட்ட வேண்டியிருந்தது.