‘தெரியும்’ வேறு, ‘தெரிஞ்சது’ வேறு

பெங்களூர் பீனியாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்தபோது, கம்ப்ரஸரில் எண்ணெய் ஒழுகியது பற்றி மேனேஜரிடம் இப்படிச் சொன்னேன்: “வென் ஐ கேம் டு ட்யூட்டி, ஐ நியூ அபௌட் த லீக், சார்.” அவருக்குத் தமிழும் வராது, கன்னடமும் வராது. முன்னாடியே தெரிந்திருந்தால் ராத்திரியே ஏன் போன் பண்ணவில்லை என்று பிடித்துக்கொண்டார். நான் சொல்ல வந்தது, “ட்யூட்டிக்கு வந்தப்பதான் தெரிஞ்சது.” நைட் ஷிஃப்ட் பையன் உண்மையைச் சொன்னதால் மெமோ வராமல் தப்பித்தேன்.

இப்போது ஞாயிறு காலையில் அல்சூரில் எங்கள் மொட்டை மாடியில் நாலைந்து பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் பாடமே இதுதான். ‘நோ’ (‘கே’யில் தொடங்குகிற நோ, ‘இல்லை’ என்கிற நோ அல்ல) ஏற்கெனவே மனசில் இருப்பதற்கு; நடந்து முடிந்ததைச் சொன்னால் அதுவே ‘நியூ’. புதிதாக ஒரு விஷயம் காதில் விழுந்தாலோ கண்ணில் பட்டாலோ ‘ஃபவுண்ட் அவுட்’. நாம் ‘தெரிஞ்சது’ என்ற இடத்தில் ‘நியூ’ போட்டு மாட்டிக்கொள்கிறோம். பெங்களூர் பிள்ளைகளிடம் கன்னடத்தில் ‘கொத்து’ (தெரியும்), ‘கொத்தாய்து’ (தெரிஞ்சது) என்று சொன்னால் போதும், டக்கென்று பிடித்துக்கொள்வார்கள்.

அதற்கும் மசியாதவர்களுக்கு அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலை இருக்கிறது. சிலை வைத்தது 1991, திறந்தது 2009 ஆகஸ்ட். நடுவில் 18 வருஷம் மூடியே கிடந்தது. உள்ளே இருப்பது வள்ளுவர் என்று ஏரியாவுக்கே தெரியும்: ‘வி நியூ’. முகம் எப்படி என்பது திறந்த பிறகுதான் தெரிந்தது: ‘வி ஃபவுண்ட் அவுட்’.

சந்தேகம் வந்தால் தமிழ் வாக்கியத்தில் ‘நேத்துதான்’, ‘இப்பதான்’ உட்காருகிறதா என்று பாருங்கள். உட்கார்ந்தால் ‘ஃபவுண்ட் அவுட்’. “எனக்கே இப்பதான் தெரியும்” என்பதுகூட இங்கிலீஷில் ‘ஐ ஜஸ்ட் ஃபவுண்ட் அவுட்’தான். ‘ஐ கேம் டு நோ’ தப்பில்லை. ஆனால் நம் ஊர் ஆபீஸ் மெயில்களில் அதைத் தேய்த்துத் தீர்த்துவிட்டார்கள்.

யாரும் சொல்லாமல் நமக்கே உறைத்தால் ‘ரியலைஸ்’. சில்க் போர்டு சிக்னல் வந்தபின் பர்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டோம் என்று உறைக்குமே, அது.

‘ஸ்டடி’ உட்கார்ந்து படிக்கிற உழைப்பு, ‘லேர்ன்’ எப்படியோ விஷயம் நமக்குக் கைவருவது. கன்னடத்தை நான் ஒருநாளும் ஸ்டடி பண்ணவில்லை; பஸ் கண்டக்டர்களிடம் திட்டு வாங்கியே லேர்ன் பண்ணினேன். என் மகன் மூன்று வருஷம் ஹிந்தி ஸ்டடி பண்ணினான். அவ்வளவுதான். லேர்னுக்கு ‘இங்’ போடலாம், நோவுக்கு ஒட்டாது. ‘ஐ ஆம் நோயிங்’ வேண்டவே வேண்டாம். கார் ஓட்டத் தெரியும் என்பதற்கும் ‘ஐ நோ டிரைவிங்’ அல்ல, ‘ஐ நோ ஹௌ டு டிரைவ்’. ‘ஐ கேன் டிரைவ்’ இன்னும் சுலபம்.

ஆட்கள் விஷயத்தில் ஒரு பையன் வசமாக மாட்டினான். “ஐ நோ அனில் கும்ப்ளே” என்றான். எம்.ஜி. ரோடு பக்கம் அவர் பெயரில் ஒரு சர்க்கிள் இருக்கிறது, அதைத் தாண்டித்தான் இவன் காலேஜ் போகிறான். ஆனால் ‘ஐ நோ ஹிம்’ என்றால் பழக்கமானவர் என்று அர்த்தமாகிவிடும். கேள்விப்பட்ட அளவுக்கு ‘ஐ நோ ஆஃப் ஹிம்’ போதும். பழகப் பழக ஒருவரைப் புரிந்துகொள்வது ‘கெட் டு நோ’.

அடுத்த ஞாயிறு படியேறி வரும்போதே சொன்னான்: “அண்ணா, ஐ நோ ஆஃப் யுவர் மேனேஜர்.”