கற்பனை உலகத்துக்குக் கல்லும் மணியும் செய்வது எப்படி?

கதைக்கோ விளையாட்டுக்கோ புது உலகம் படைப்பவர்கள் கல்லுக்குப் பெயரையும் மந்திர சக்தியையும் முதலில் வைத்துவிடுகிறார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கடினம், அடர்த்தி, பிளவு (அடித்தால் கல் தட்டையாகப் பிரியும் திசை) மூன்றையும் முடிவு செய்தால் கல் எங்கே கிடைக்கும், யார் அறுப்பார், என்ன விலை போகும் என்பது தானாக வரும். எக்செல் வேண்டாம். கல்லுக்கு ஒரு பக்கமாக நோட்டில் எழுதுங்கள். முதல் தடவை ஐந்து கல் போதும்.

இங்கே எடுத்துக்காட்டு ‘அந்திமணி’ என்ற சிவப்புக் கல்.

1. கடினம்

ஜெர்மன் கனிமவியலாளர் மோஸ் 1812-இல் வகுத்த வரிசையே போதும். எண் கூடியது குறைந்ததைக் கீறும்: மாக்கல் 1, கால்சைட் (சுண்ணாம்புக் கல்லின் கனிமம்) 3, படிகம் (குவார்ட்ஸ்) 7, குருந்தம் (மாணிக்கம், நீலம் இதன் வகை) 9, வைரம் 10. நகம் ஏறத்தாழ 2.5, பேனாக்கத்தி 5.5. தெருப் புழுதியில் படிகத்தூள் உண்டு. அதனால் 7-க்குக் கீழே உள்ள கல்லைத் துடைக்கத் துடைக்க மெருகு மங்கும். அந்திமணிக்கு 7.5 வைப்போம்.

2. அடர்த்தி

திருநெல்வேலி மாவட்டத்து உவரி கடற்கரைக்குப் போனால் இது கண்ணாலேயே விளங்கும். ஒரு சிரட்டையில் கைப்பிடி மணலும் தண்ணீரும் எடுத்து, சாய்த்து மெல்லச் சுழற்றுங்கள். முதலில் வெள்ளை மணல் வழிந்து போகும். அது படிகம், அடர்த்தி 2.65; அதாவது தண்ணீரைப்போல் 2.65 மடங்கு கனம். அடுத்து நகர்வது சிவப்புக் கார்னெட், சுமார் 4. அடியில் கறுப்பாக ஒட்டிக்கிடப்பது இல்மனைட் என்ற டைட்டானியக் கனிமம், 4.7. பார்த்தபின் மணலை அங்கேயே கொட்டிவிடுங்கள். அலையும் இதே வேலையைத்தான் செய்கிறது. அந்திமணிக்கு 4.2 கொடுத்தால், அது ஆற்று வளைவிலும் பேரலை அடித்து ஓய்ந்த கரையிலும் சேரும். மலையைக் குடைய வேண்டாம். பொறுக்கி விற்கும் ஊர் ஒன்று போதும்.

3. பிளவு

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். கடினம் என்றால் கீறல் விழாது, அவ்வளவுதான். உடையாது என்று பொருளில்லை. வைரத்தைச் சுத்தியலால் அடித்தால் நான்கு திசைகளில் ஏதோ ஒன்றில் பிளக்கும். நெஃப்ரைட் என்ற ஜேட் கல்லின் கடினம் 6-6.5 தான்; ஆனால் நார்போலப் பின்னிக் கிடப்பதால் அதில் கோடரி செய்தார்கள். ஆகவே வைர வாள் வேண்டாம். அந்திமணிக்குப் பிளவு இல்லை என்று எழுதுங்கள்; உடைந்தால் கண்ணாடிச் சில்லுபோல் வளைந்த விளிம்பு.

4. அறுப்பு

7.5 கல்லுக்குக் குருந்தத்தூள் சாணை போதும். உங்கள் உலகத்திலேயே கடினமான கல் என்றால் அதன் தூளே அதை அறுக்க வேண்டும், வைரம் அப்படித்தான். திசைக்குத் திசை கடினம் மாறுவதால் அது நடக்கிறது.

5. பெயர்

இரண்டு வையுங்கள்: கரையில் பொறுக்குகிறவர்கள் சொல்வது ஒன்று, நகைக்கடையில் சொல்வது ஒன்று.

பின்சேர்க்கை: ‘சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணல்மேடுபோல் செக்கச்செவேலென்று ஒரு பாலைவனம்; அது முழுக்க அந்திமணி என்று வைக்கலாமா?’ என்று கேட்கிறார்கள். தேரியின் சிவப்பு, மணல்மேல் படிந்த இரும்பு ஆக்சைடு. உள்ளே பெரும்பாலும் வெளிறிய படிகம்தான். கார்னெட்டின் சிவப்போ கல்லுக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் பொடித்தால் தூள் வெளுப்பு. ஆகவே நோட்டில் ‘தூளின் நிறம்’ என்று இன்னொரு வரி சேருங்கள். தூளும் சிவந்தால் சாயக்காரர் வாங்குவார். வெளுத்தால் நகை ஆசாரி மட்டும்தான்.